பெரியப்பாவின் கடைசி உயில்கள்

சேலையூரில் ஒரு கிரவுண்டும் அதில் மாடி வீடும் வைத்திருக்கும் என் பெரியப்பாவுக்கு வீட்டில் மரியாதை குறைந்ததே கிடையாது. அவர் இன்னும் உயில் எழுதி முடிக்கவில்லை, அதுதான் காரணம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவுகூடக் கட்டாயமில்லை; இரண்டு சாட்சிகளோடு வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும், கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்று வக்கீல் ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்று பிடித்தது வினை. தீபாவளி வேட்டியின் கரை பிடிக்கவில்லையென்றால் மேடவாக்கத்து மகனிடமிருந்து மாடி போய்விடும், குரோம்பேட்டை மகளுக்கு. அவள் பொங்கலுக்குத் தாமதமாக வந்தால் மாடி மறுபடி மேடவாக்கம். நியூ ஜெர்சிக்காரன் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலைத் தவறவிட்டால் கார் ஷெட் காலி. பழையதைக் கிழிக்கவும் மாட்டார். பீரோவில் பெரியம்மாவின் பட்டுப்புடவை மடிப்புக்கு ஒன்றாக உயில்கள் உறங்குகின்றன.

"பேசாம செட்டில்மென்ட் எழுதிடுங்கப்பா" என்றான் மூத்தவன்.

"எழுதின மறுநாளே காபியில டிகாக்‌ஷன் குறையும்டா."

பெற்றோரைக் கவனிக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே நிபந்தனை போட்டு, பிள்ளைகள் அதை மீறினால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் முறையிட்டுப் பத்திரத்தை ரத்து செய்ய வழியிருக்கிறது என்றேன்.

"ஆர்.டி.ஓ. வந்து காபி குடிச்சுப் பாப்பாரா?"

எதுவுமே எழுதாமல் விட்டால் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது அது. பெரியம்மாவுக்கு அதுவே போதும். பெரியப்பாவோ உடனே போயஸ் தோட்டத்துக்குப் போய்விடுவார். 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தார், உயில் இல்லை. அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும்தான் வாரிசுகள் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2020 மே ஆனது. போயஸ் தோட்டத்து வீடான வேதா நிலையத்தின் சாவி கைக்கு வர 2021 டிசம்பர். "கோட்டையை ஆண்டவங்களுக்கே அஞ்சு வருஷம். சேலையூருக்கு எத்தனைடா?"

இப்போது சாட்சிக்குத்தான் பஞ்சம். முதலில் கூட வாக்கிங் போகும் நண்பர்களைப் பிடித்தார். எல்லாரும் எண்பதைத் தாண்டியவர்கள், ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். நாளைக்குக் கோர்ட்டில் உயிலை நிரூபிக்கச் சாட்சி ஒருவராவது வந்து நிற்க வேண்டுமே! அதனால் சாட்சி போட வருகிறவருக்கு இப்போது உடல்தகுதி பார்க்கிறார். போன மாதம் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"சுகர் எவ்வளவுடா இருக்கு?"

"சாப்பிட்டப்புறம் இருநூத்திப் பத்து, பெரியப்பா."

பேனாவை மூடிவிட்டார்.

கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடைப் பையன் அகப்பட்டான். இருபத்து நாலு வயசு, ஜிம்முக்குப் போகிறவன். கையெழுத்துப் போட்ட கையோடு அவனுக்குக் கனடா விசா வந்துவிட்டது.

நேற்று பெரியப்பாவிடமிருந்து எனக்கு ஒரு பாட்டில் வெந்தயப்பொடி வந்திருக்கிறது.