ஆற்றுக் கோப்புகளின் மேலேறு ஓட்டம்: செடெனாக்கை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

ஆறுகளைப் பற்றி ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. ஆற்றுக்கான அனுமதிகள் உறங்கும் கோப்புகளைத்தான் யாரும் சீந்தவில்லை. அக்குறை நீக்க, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாய் மாவட்டத்துச் செடெனாக்கை ஆய்வுக்களமாகக் கொண்டோம். இங்கே ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் டேட்டா சென்டர். இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு முன்பாகக் கோப்பு வேண்டும்.

அனுமதிகள் மூவகைப்படும்.

முதலாவது, ஆற்றில் நீர் எடுக்க எடுப்பனுமதி. இதற்கான ஜொகூரின் நீர்ச் சட்டம் 1921இல் பிறந்தது. மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, நெட்டனுமதி. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 சென், 2061 வரை. கோப்பைத் திறந்த கிராணியின் கொள்ளுப்பேரன் வந்து மூடுவான்.

மூன்றாவது, மீறலனுமதி. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 25ஆம் பிரிவு, அளவுக்கு மீறி ஆற்றில் கழிவு விடாதே என்கிறது. லைசென்ஸ் இருந்தால் விடு என்று அதே மூச்சில் சொல்கிறது. ஆக, விதியை மீறவும் விதிப்படி விண்ணப்பிக்க வேண்டும். பாரம் நிரப்பாமல் மீறுபவனே குற்றவாளி.

செம்பனை ஆலைக் கழிவு பழுப்பு நிறத்தில், ஆவி பறக்க, புளித்த வாடையோடு வெளியேறும். பெரும்பாலும் குளம் குளமாகத் தேக்கித்தான் அதை ஆற்றில் விடுவார்கள். அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கான வரம்பு 1978இல் லிட்டருக்கு 5000 மில்லிகிராம். படிப்படியாக இறங்கி 1984இல் 100. அவகாசம் கொடுத்துத் திருத்திய நல்ல கோப்பு இது, மறைப்பதற்கில்லை.

இனி எமது கோட்பாடு. ஆறு மேலிருந்து கீழே ஓடும். கோப்போ கிராணியிடம் ஊற்றெடுத்து, உதவி அதிகாரியைக் கடந்து, இயக்குநரை நோக்கி மேலே ஓடும் (காண்க: யாம் எழுதவிருக்கும் ‘கோப்பியல்’, தொகுதி 14, கறையான் தின்னவிருக்கும் பக்கம்). ஆறு மாநிலத்துடையது, கழிவுச் சட்டம் மத்திய அரசுடையது. எனவே ஒரே தண்ணீருக்கு இரண்டு அலமாரி. இரு அலமாரிகளும் சங்கமிப்பது மீன் செத்து மிதக்கும் நாளில் (மேலும் காண்க: மேற்படி நூலுக்கு யாமே எழுதவிருக்கும் மறுப்பு, அம்மறுப்புக்கு மறுப்பு, அதன் இரண்டாம் பதிப்பில் நீக்கப்படவிருக்கும் அடிக்குறிப்பு). ‘நதியும் பண்பாடும்’ என்று கருத்தரங்குதோறும் முழங்கும் பேராசிரியர்கள் பாட்டில் தண்ணீரோடு மேடையேறுவதால் இச்சங்கமத்தைக் கண்டதில்லை.

முடிபு: எடுப்பவர் யார், விடுபவர் யார், எவ்வளவு, எந்தத் தேதி வரை என்ற பதிவேடு, அந்தத் தண்ணீரைக் குடிப்பவன் கேட்டால் கைக்கு வர வேண்டும். மற்ற ஆய்வெல்லாம் பதவி உயர்வுக்கு.