பெல் இருக்கு, ஆள் இல்லை

இங்கோல்ஸ்டாட், ஜெர்மனி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

"சைக்கிள் மிதிக்கிறதுக்கா ஜெர்மனி போனே?" என்று நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. ஆரம்பித்தால் பாதியில் "சாப்பிட்டியா?" என்பாய். அப்பா போனைப் பிடுங்கி "வேலை இருக்கு இல்ல?" என்பார். அக்கா பின்னாலிருந்து சிரிப்பாள். அதனால் எழுதுகிறேன். வேலை இருக்கிறது. அனுப்பிய போட்டோவில் நான் நிற்பது ஜல்லி ரோடு என்பதும் உண்மைதான். ஆனால் அது வேலை நடக்கிற ரோடு இல்லை, வேலை முடிந்த ரோடு. இங்கே அவ்வளவுதான் போடுவார்கள்.

நம் பக்கத்தில் ஜல்லி கொட்டினால் அடுத்தது தார் என்று அர்த்தம். எப்போது என்பது தேர்தலைப் பொறுத்தது. இங்கே பொடி ஜல்லியைப் பரப்பி, ரோலர் விட்டு அமுக்கி, முடிந்தது என்று போய்விடுகிறார்கள். அதில் ஓட்டுவதற்கென்றே தனிச் சைக்கிள் உண்டு, பெயர் கிராவல் பைக். டயர் நாலு சென்டிமீட்டர் அகலம். ட்யூப் கிடையாது, உள்ளே ரப்பர் பால் ஊற்றியிருப்பார்கள். முள் குத்தினால் அந்தப் பாலே ஓட்டையை அடைத்துவிடும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் 2006-ல் இதற்காக 200 மைல் பந்தயம் ஆரம்பித்தார்கள். 2022-ல் இத்தாலியில் உலக சாம்பியன்ஷிப்பே நடந்தது. நம் பால்காரர் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு காலங்காலமாக இதைத்தான் செய்கிறார். அவருக்கு யாரும் மெடல் போடவில்லை.

அப்பா ஸ்டாண்டு எங்கே, கேரியர் எங்கே என்று கேட்டாராம். இரண்டும் கிடையாது. மட்கார்டும் கிடையாது. வாங்கும்போது பெடலும் இல்லை. "பெடல் அவங்கவங்க விருப்பம்" என்றார் கடைக்காரர். பெடலே வேண்டாம் என்று விரும்புகிறவர் யார் என்று கேட்க என் ஜெர்மன் போதவில்லை. விலையைச் சொன்னால் அப்பாவுக்கு மாத்திரை டோஸ் கூட்ட வேண்டியிருக்கும். ஆனால் அது கம்பெனி மூலமாக வந்தது. இங்கே கம்பெனி கார் மாதிரி கம்பெனி சைக்கிளும் உண்டு, தவணையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஊரில் கேட்டால் "பையனுக்குக் கம்பெனியில வண்டி குடுத்திருக்காங்க" என்று சொல். என்ன வண்டி என்று கேட்டால் காபி போட உள்ளே போய்விடு.

இனி பெல் விஷயம். சட்டப்படி இங்கே ஒவ்வொரு சைக்கிளிலும் தெளிவாக ஒலிக்கிற மணி ஒன்றாவது இருக்க வேண்டும். மணியாக மட்டுமே இருக்க வேண்டும். ஹாரன் கூடாது. ரப்பர் உருண்டையை அமுக்குகிற பாம்-பாம் கூடாது. சக்கரத்தில் உரசி அடிக்கிற மணியும் கூடாது என்று அதற்கெனத் தனியாக ஒரு வரி இருக்கிறது. எப்போதோ எவனோ ஒருவன் சக்கரத்தில் மணியை ஓடவிட்டுக்கொண்டு விடியற்காலையில் தெருவில் போயிருக்க வேண்டும், அவன் பாவம் இன்றுவரை சட்டத்தில் நிற்கிறது. பெடல் ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் மஞ்சளாக மினுங்க வேண்டும், வண்டிக்குப் பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. எல்லாம் மாட்டி முடித்தபோது வண்டி ஆடி மாதத்து அம்மன் சப்பரம் மாதிரி இருந்தது.

இத்தனையும் பூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு இறங்கினால் பெல் அடிக்க ஆள் இல்லை. கார் இல்லை, பைக் இல்லை. புல் மேட்டில் ஆடுகள்தான். அடித்துப் பார்த்தேன், ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. எப்போதாவது ஒரு தாத்தாவும் பாட்டியும் கையில் கோலோடு நடந்து வருவார்கள். தூரத்திலேயே அடித்தால் காதில் விழாது. பக்கத்தில் வந்து அடித்தால் திடுக்கிட்டு முறைப்பார்கள். அடிக்காமல் தாண்டினால் "மணி எதற்கு வைத்திருக்கிறாய்?" என்று பின்னாலிருந்து குரல் வரும். எத்தனை அடி தூரத்தில் அடிப்பது என்று தேடிப் பார்த்தேன். சக்கர மணி வரைக்கும் யோசித்தவர்கள் அதை மட்டும் எழுதவில்லை. இப்போது நான் இருமுகிறேன். இருமலுக்குச் சட்டம் இல்லை. மணியைவிட வேகமாக ஒதுங்குகிறார்கள்.

ஆற்றின் பெயர் ஆல்ட்ம்யூல். பவேரியாவிலேயே மெதுவாக ஓடுகிற ஆறு என்று இதற்குப் பட்டம். அப்பா எனக்கு வைத்திருந்த அதே பட்டம், ஆனால் இதைப் பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். குன்ஸன்ஹௌஸனிலிருந்து, ஆறு டான்யூபில் கலக்கிற கெல்ஹைம் வரை 160 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை. பாதி வழிக்கு ரயிலும் கூடவே ஓடுகிறது, கால் ஓய்ந்தால் ஏறிக்கொள்ளலாம். ஆனால் சைக்கிளுக்குத் தனி டிக்கெட். என்னிடம் மாதப் பாஸ் இருக்கிறது, அதனிடம் இல்லை. பரிசோதகர் அதைத்தான் முதலில் விசாரித்தார்.

போன வாரம் எங்கள் மேலாளரும் வந்தார். ட்ராய்ஷ்ட்லிங்கன் வரை ரயில், அங்கிருந்து பாப்பன்ஹைம், ஸோல்ன்ஹோஃபன் வழியாக ஐஷ்டெட் வரை மிதி. ஸோல்ன்ஹோஃபனைத் தாண்டியதும் சரிவில் வரிசையாகப் பாறைகள் நிற்கின்றன, பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்று பெயர். ஒரு காலத்தில் கடலுக்குள் இருந்த திட்டுகளாம். அந்தக் கடல் படிவம்தான் இப்போது பலகை பலகையாகப் பிரிகிற சுண்ணாம்புக்கல். 15 கோடி வருஷத்துக்கு முந்தைய சிறகு முளைத்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவை 1861-ல் இந்தக் கல்லுக்குள்தான் கிடைத்தது. அதனால் ஐஷ்டெட் பக்கத்தில் ஒரு குவாரியைப் பொதுஜனத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். உளியும் சுத்தியும் வாடகைக்கு. குடும்பம் குடும்பமாகக் காசு கொடுத்து வெயிலில் உட்கார்ந்து கல் உடைக்கிறார்கள். கல் உடைத்தே பிழைக்கிற நம் சாலவாக்கம் பக்கம் இதைச் சொன்னால் நம்மை அடிக்க வருவார்கள்.

மேலாளருக்கு அந்தக் கல்லைப் பற்றிப் பெருமை தாங்கவில்லை. கல்லில் வரைந்து காகிதத்தில் அச்சடிக்கிற முறையை ஸெனெஃபெல்டர் 1790-களில் கண்டுபிடித்தார், அதற்கு உலகத்திலேயே உசத்தி இந்தக் கல்தான் என்றார். விடுவேனா? எங்கள் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் தேர்தல் சட்டத்தையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம், பராந்தக சோழன் காலம், வருஷம் 919, 921 என்றேன். ஊர்ச் சபை வாரியத்தில் உட்கார வயது 35-க்கு மேல், 70-க்குள். கால்வேலி நிலமாவது வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் இனி நிற்க முடியாது. அவன் மாமனார், மருமகன், அத்தை மகன் யாரும் நிற்க முடியாது. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சொல்லச் சொல்ல அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். வேதம் படித்த, நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் குடத்தில் ஓலை, நம் தெருவுக்கு இல்லை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் ஊர்ப் பெருமை பேசும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது.

"கணக்குக் காட்டாதவரின் சொந்தக்காரர் நிற்கக் கூடாது என்பது இன்னமும் நடைமுறையில் இருக்கிறதா?" என்று கேட்டார்.

பெல்லை அடித்துவிட்டு மிதித்தேன். முன்னால் ஒருவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் திறக்காது, அதனால் புளிசாதம் கட்டிக்கொண்டு போனேன். உன் புளிக்காய்ச்சல் தீரப் போகிறது, அது தனிக் கடிதம். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் வணக்கம் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நம் ஏரிக்கரையில் ஒரு தடவை போய் வருவதற்குள் எங்கே போறே, யாரைப் பார்க்க, கல்யாணம் எப்போ என்று மூன்று பேராவது கேட்டிருப்பார்கள். அப்போது எரிச்சலாக இருக்கும். இங்கே அரை நாள் மிதித்தும் யாரும் கேட்காதபோது, நானே யாரிடமாவது போய்ச் சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது.

உண்மையான எரிச்சல் வேறு, அம்மா. அக்கா மகள் என்னைவிட நன்றாகச் சைக்கிள் ஓட்டுகிறாள். பள்ளிக்கூடம் ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் பஸ்ஸில்தான் அனுப்புகிறீர்கள். தப்பு சொல்லவில்லை. கிரஷருக்குப் போகிற டிப்பர் அந்த ரோட்டில் வருகிற வேகத்துக்கு நானே பஸ்ஸில்தான் போவேன். இங்கே வண்டியே வராத பாதைக்கு மணி கட்டாயம். அங்கே லாரி வருகிற பாதையில் அவள் மணி அடித்து யார் காதில் விழப் போகிறது?

அதனால் ஒரு காரியம் செய். இந்தத் தடவை பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் உடனே திரும்பமாட்டேன், ஜனவரி 26 கிராம சபை வரை இருக்கப்போகிறேன். பள்ளிக்கூட நேரத்தில் டிப்பர் அந்த ரோட்டில் ஓடக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். பராந்தகன் கணக்குப்படி எனக்கு இன்னும் 35 ஆகவில்லை, நிலமும் அப்பா பெயரில் இருக்கிறது, வேதம் சுத்தமாகத் தெரியாது. நல்லவேளையாகக் கிராம சபைக்கு 18 வயதும் வாக்காளர் பட்டியலில் பெயரும் போதும். என் பெயரை எடுத்துவிட்டார்களா இருக்கிறதா என்று அண்ணனைப் பார்த்துச் சொல்லச் சொல். தெருவில் இன்னும் பத்துப் பேரிடமாவது பேசி வைக்கச் சொல். தனியாக நின்றால் என்னைச் சைக்கிள் விற்க வந்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
சின்னவன்