கிழங்கு எங்கே வாங்கினீர்கள்?

இங்கிலாந்தில் பிப்ரவரி மாதம், அறுபதைத் தாண்டிய ஒரு கனவான் ஈரத் தரையில் குப்புறக் கிடப்பதைப் பார்த்தால் பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டாம். கையில் லென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், ஆளுக்கு ஒன்றுமில்லை. ஸ்னோடிராப் பார்க்கிறார்.

வசந்தம் வரும்வரை பொறுக்கமாட்டாமல் பனிக்குள்ளேயே பூத்துவிடும் வெள்ளைப் பூ அது. ஒரு சாண் வளர்ந்தாலே பெரிது. வெளியே மூன்று இதழ், உள்ளே மூன்று குட்டை இதழ். அந்தக் குட்டை இதழ்களில் பச்சையாக ஒரு புள்ளியோ கோடோ இருக்கும். எந்நேரமும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பதால், பச்சையைப் பார்க்க வேண்டுமென்றால் பார்ப்பவர்தான் படுக்க வேண்டும். இயற்கை படைத்தது சுமார் இருபது இனம். அதில் மனிதர்கள் பொறுக்கியும் கலந்தும் பெயர் சூட்டிய ரகங்கள் ஆயிரத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டன. ரகத்துக்கு ரகம் என்ன வித்தியாசம் என்றால், பெரும்பாலும் அந்தப் பச்சைதான். ‘கிரம்பி’ என்று ஒன்று உண்டு. பச்சையில் இரண்டு கண், கீழே கோணிய வாய். காபி கிடைக்காமல் எழுந்த முகம்போல முறைக்கும். அவர் மனைவிக்கு எல்லாமே வெள்ளைப் பூ. “இதுதான் ஏற்கெனவே இருக்கிறதே?” என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது.

சாதாரண ஸ்னோடிராப் வேண்டுமென்றால் சிரமமே இல்லை. பூத்து ஓய்ந்ததும் இலையோடு பிடுங்கிக் கட்டுக்கட்டாக விற்பார்கள். கிழங்கு காய்ந்தால் பிழைப்பது சந்தேகம் என்பதால் இப்படி. நம் ஆள் அந்தக் கட்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். கடையில் கிடைப்பது அவருக்குச் செடியே அல்ல. அவருக்கு வேண்டியது, கிடைக்காதது. அதுவும் உள்ளூரில் கிடைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமே என்று யோசனை சொல்லிப் பாருங்கள், சட்டம் பேசுவார். துருக்கியில் காட்டுக் கிழங்குகளைத் தோண்டி மூட்டைமூட்டையாக ஏற்றுமதி செய்த காலம் ஒன்று இருந்தது. 1990இலிருந்து ஸ்னோடிராப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பெல்ஜியத்து நண்பருக்கு ஒரு கிழங்கு அனுப்புவதென்றாலும் அனுமதிச் சீட்டு, நோயில்லைச் சான்றிதழ். கிழங்கு நாலு கிராம், காகிதம் நாற்பது கிராம்.

ஆகவே உள்ளூர்தான். உள்ளூர் என்றால் ஒரு கிராமத்துச் சந்தின் கடைசியில், பெயர்ப்பலகை இல்லாத நர்சரி. ஒருவர் அல்லது ஒரு தம்பதி நடத்துவது. வருஷத்தில் சில நாள்தான் திறப்பு. இல்லாவிட்டால் பிப்ரவரியில் ஏதாவது ஒரு மண்டபத்தில் விற்பனை. கதவு பத்து மணிக்கு என்றால் இவர் ஏழு மணிக்கே பிளாஸ்க்கோடு வாசலில் நிற்பார். முன்னால் நிற்பவரிடம் சீதோஷ்ணம் பற்றி மட்டும் பேசுவார். என்ன வாங்க வந்திருக்கிறோம் என்று மூச்சு விடமாட்டார். அவரும் விடமாட்டார். கதவு திறந்ததும் இரண்டு பேரும் ஒரே மேஜைக்கு ஓடும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

விலையைக் கேட்டால் நமக்குத்தான் மயக்கம் வரும். பார்வைக்குச் சின்ன வெங்காயம். ‘கோல்டன் ஃப்ளீஸ்’ என்ற ரகத்தில் ஒரே ஒரு கிழங்கு 2015இல் ஈபே ஏலத்தில் 1,390 பவுண்டுக்குப் போனது. 2022இல் ‘கோல்டன் டியர்ஸ்’ அதை முந்தி 1,850 பவுண்டைத் தொட்டது. நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். இவ்வளவு கொட்டிக் கொடுத்து எதற்கு என்றால், பச்சை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். தட்டுப்பாட்டுக்குக் காரணமும் உண்டு. கிழங்கு தானாகப் பெருக வருஷக்கணக்காகும். அவசரப்படுத்தினால், கோடையில் கத்தியைச் சுத்தம் செய்து கிழங்கைச் செதில்செதிலாக நறுக்கி, வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளை ஈரமாக்கி அதோடு பையில் கட்டி இருட்டில் வைப்பார்கள். செதிலடியில் குட்டிக் கிழங்கு முளைக்கும். அது பூக்க மேலும் மூன்று நான்கு வருஷம். நறுக்கும்போது கை நடுங்குவது இயல்புதான். தவறினால் போவது ஒரு மாதப் பென்ஷன்.

தன் பைத்தியத்துக்கு வம்சாவளி உண்டு என்பதில் அவருக்குப் பெருமை. துருக்கியில் ஒரு பெரிய இலை ஸ்னோடிராப்பைக் கண்டு தன் பெயரையே அதற்கு வாங்கிக்கொண்ட ஹென்றி எல்வெஸ், அவருடைய கோல்ஸ்போர்ன் பண்ணை, என்ஃபீல்டில் தோட்டம் போட்ட பவுல்ஸ், இரட்டைப் பூக்களுக்கு ஒஃபீலியா, டெஸ்டிமோனா என்று ஷேக்ஸ்பியர் நாயகிகளைப் பெயராக வைத்த கிரேட்டோரெக்ஸ் என்று வரிசையாக ஒப்பிப்பார். இவற்றையெல்லாம் தாராளமாகச் சொல்கிறவர் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லமாட்டார். “இது எங்கே வாங்கினீர்கள்?”

கேட்டதும் காது கேட்காமல் போய்விடும். மீண்டும் கேட்டால், “ஒரு நண்பர் கொடுத்தார்.” எந்த நண்பர்? “அவர் இறந்துவிட்டார்.” கிழங்கைக்கூடக் கொடுப்பார், கிழங்கு கிடைக்கும் இடத்தைக் கொடுக்கமாட்டார். மற்றபடி தானத்தில் குறையில்லை. இரண்டாவது கிழங்கு விட்டதும் ஒன்றை நண்பருக்குக் கொடுத்துவிடுவார். இதில் தர்மத்தைவிடக் கணக்கு அதிகம். தன்னுடையது பூஞ்சணத்தில் அழுகினால் திரும்பக் கேட்க ஓர் இடம் வேண்டுமே. நம் ஊரில் கல்யாண மொய் எழுதுகிற நோட்டு இதைவிட வெளிப்படையானது என்று எனக்குத் தோன்றும். தோட்டத்தில் சிலர் பெயர்ச்சீட்டுகூட வைப்பதில்லை, வெறும் எண்தான். விலை உயர்ந்ததைத் தேடித் தோண்டிப்போகும் திருடர்கள் நிஜமாகவே உண்டு. சீட்டு வைத்தால் அவர்களுக்கு வேலை சுலபம்.

இவருடைய உச்சகட்டத் திறமையைப் பார்க்க வேண்டுமானால் பழைய கிராமங்களுக்குப் பின்தொடர வேண்டும். யாரும் பெயர் வைக்காத புது ரகம் சர்ச்சு வளாகத்திலோ பாழடைந்த மாளிகைத் தோட்டத்திலோதான் ஒளிந்திருக்கும் என்பது இவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்யுமில்லை. ‘ப்ளூபரி டார்ட்’ என்ற ரகம் அகப்பட்டதே ஒரு சர்ச்சு வளாகத்தில்தான். ஆனால் நில உரிமையாளர் அனுமதியில்லாமல் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். ஆகவே முதலில் உரிமையாளரைப் பிடிக்க வேண்டும்.

ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிறார். எண்பது வயது மூதாட்டி வீட்டு ஆப்பிள் மரத்தடியில் ஒரு கொத்து. உள் இதழில் அவர் எங்குமே பார்த்திராத பச்சை. இதயம் படபடக்கிறது. நேரே கேட்டுவிடலாமா? கூடாது. கதவைத் தட்டி வழி கேட்கிறார். தேநீர் வருகிறது. கேக் வருகிறது, கல்லாக. இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். பூனையை மடியில் வைத்துக்கொள்கிறார், அலர்ஜி இருந்தும். பேரன் போட்டோ முழு ஆல்பத்தையும் புரட்டுகிறார். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் தற்செயலாகத் திரும்பியதுபோல், “அட, ஸ்னோடிராப்!” என்கிறார்.

“அதுவா? எடுத்துக்கொள்ளுங்களேன், களை மாதிரி மண்டிக் கிடந்தது” என்று கிழவி மண்வெட்டியை நீட்டுகிறார். “பாதியைப் போன வாரம் ஒருவர் தோண்டிக்கொண்டு போனார். அவரும் வழி கேட்டுத்தான் வந்தார். பாவம், நல்ல மனிதர், மூன்று துண்டு கேக் சாப்பிட்டார். இங்கே இந்தப் பூ இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அதனால், நீங்களும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.”