அடுப்பேற்றா விருந்து

கிராட்ஸ், ஆஸ்திரியா

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

மடலில் ‘நான்’ தலைகாட்டக் கூடாது, செய்தி மட்டுமே நிற்க வேண்டும் என்பது பெரியப்பா அவர்கள் நெடுங்காலமாக வகுத்து வைத்திருக்கும் விதியாதலால், ஞாயிற்றுக்கிழமை மாலையில் இந்நாட்டு வீடுகளில் அடுப்பு எரியாதிருப்பதன் காரணம் யாது என்று அவர்கள் எழுப்பியிருந்த வினாவுக்கு விடை கீழே ஆய்வுநூல் முறையிலேயே தரப்படுகிறது. பெரியம்மா அஞ்சுவதுபோல் எரிவாயு தீர்ந்துபோனது அதற்குக் காரணம் அன்று.

ஆஸ்திரியாவின் தென்கிழக்கிலுள்ள ஸ்டைரியா மாநிலத்தில் பிரெட்டில்யாவ்சே என்று ஓர் உணவு உண்டு. யாவ்சே எனப்படுவது இரு வேளை உணவுக்கு நடுவே கொள்ளும் சிற்றுணவு. அதனைத் தட்டில் வைக்காமல் சிறு மரப்பலகையில் பரப்பி வைக்கும்போது அது பிரெட்டில்யாவ்சே ஆகிறது. புகையூட்டிய பன்றி இறைச்சி, முந்தைய நாள் சுட்டு ஆறவிட்ட இறைச்சித் துண்டுகள், உலர்ந்த தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி, ரொட்டியில் தடவிக்கொள்ளும் கூழ் வகைகள், புளிக்காடியில் ஊறிய குட்டி வெள்ளரி, வெங்காய வளையம், அவித்த முட்டை ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. சிற்றுணவு என்று இவர்கள் சொல்வதைத் தன்னடக்கமாகவே கொள்ள வேண்டும், ஏனெனில் ஒரு பலகையை முழுமையாகக் காலி செய்தவர் அன்றிரவு எழுந்து நடப்பதையே ஒரு சாதனையாகக் கருதுகிறார். ஆறிய சாப்பாட்டை விருந்தாளியின் முன் வைப்பது அவரை வாசலோடு அனுப்புவதற்குச் சமம் என்று கேட்டு வளர்ந்த தமிழருக்கு, ஆறியிருப்பதே இவ்வுணவின் இலக்கணம் என்பது விளங்கச் சிறிது காலம் பிடிக்கிறது.

இந்த இலக்கணத்தைச் சமையற்காரர் மட்டும் வகுக்கவில்லை, சட்டமும் வகுத்திருக்கிறது. 1784 ஆகஸ்ட் 17 அன்று பேரரசர் இரண்டாம் ஜோசப் பிறப்பித்த ஆணையொன்று, எவரும் தாம் விளைவித்த உணவுப் பொருளையும் திராட்சை மதுவையும் பழ மதுவையும் ஆண்டின் எந்தக் காலத்திலும் தாம் விரும்பிய விலைக்கு விற்கலாம் என்று அனுமதி அளித்தது. அதன் பயனாகத் திராட்சைத் தோட்டக்காரர்கள் தத்தம் வீட்டு முற்றத்திலேயே மேசை போட்டு, கடை திறந்திருப்பதன் அறிகுறியாக வாசலில் ஒரு கொத்துத் தழையைத் தொங்கவிடும் வழக்கம் வேரூன்றியது. புஷன்ஷாங்க் என்று பெயர் பெற்ற இம்முற்றங்கள் உணவு விடுதிக்குரிய தொழில் உரிமம் பெற வேண்டியதில்லை. ஆனால் ஸ்டைரியாவில் அங்கே குளிர்ந்த உணவை மட்டுமே பரிமாறலாம். தோட்டக்காரர் இரக்கப்பட்டுச் சூடாக ஒரு தோசை வார்த்துக் கொடுத்தாலும் அது விதிமீறலே ஆகும். தடையால் முற்றங்களில் நிலைபெற்ற இவ்வுணவு, அடுப்பு மூட்டத் தடையேதும் இல்லாத வீடுகளிலும் அடுப்பு மூட்டப்படாமலே உண்ணப்படுகிறது.

சமையல் இல்லாததால் உழைப்பும் இல்லை என்று எண்ணுவது பிழை. உழைப்பு முன்கூட்டியே, வேறோர் இடத்தில், வேறொருவரால் செய்து முடிக்கப்பட்டிருக்கிறது. பலகையின் தலைவன் என்று சொல்லத்தக்க ஸ்பெக், பன்றியின் தொடை, முதுகு, வயிறு போன்ற பகுதிகளில் உப்பு, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, ஊசியிலைப் புதர்ச்செடியான ஜூனிப்பரின் காய் முதலியவற்றைத் தேய்த்து வாரக்கணக்கில் ஊறவிட்டு, பீச் போன்ற மரங்களின் கட்டை தரும் குளிர்ந்த புகையில் விட்டுவிட்டுக் காட்டி, பின்னர் மலைக்காற்றில் தொங்கவிட்டு உலர்த்திப் பெறப்படுவது. புகை சூடாக இருந்தால் இறைச்சி வெந்து கொழுப்பு உருகிவிடும் என்பதால், அவசரக்காரருக்கு இத்தொழில் கைகூடுவதில்லை. டிரோல் மாநிலத்து ஸ்பெக் 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பைப் பெற்றிருக்கிறது. அதைப் பற்றிப் பேசும்போது அம்மாநிலத்தவர் குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் காணலாம். ஸ்பெக்கை அரைத்து உப்பும் பூண்டும் பிசைந்து செய்யும் ஃபெர்ஹாக்கெர்டெஸ் என்னும் கூழ் ஸ்டைரியாவில் பெயர் பெற்றது. மருத்துவரிடம் கொழுப்பளவு சோதித்துக்கொள்ளப் போகும் வாரத்தில் அதனைத் தவிர்ப்பது நலம்.

வீட்டில் பலகை அமைக்க முனைவோரின் முதற்கடமை, கடையின் இறைச்சி முகப்பில் வரிசையில் நிற்பதாகும். அங்கே கிராம் என்னும் அளவு செல்லாது. பத்து கிராமுக்குச் சமமான டெக்கா என்னும் அளவிலேயே ஆஸ்திரியர் கேட்கின்றனர். நூறு கிராம் வேண்டுவோர் பத்து டெக்கா என்று சொல்ல வேண்டும். வெள்ளை மேலங்கி அணிந்த விற்பனையாளர் இயந்திரத்தில் மெல்லிய தகடுகளாக அரிந்து, தாளில் மடிப்பு மடிப்பாக அடுக்கி, தராசு பன்னிரண்டு டெக்கா காட்டும்போது, கொஞ்சம் கூடினால் பரவாயில்லையா என்று கேட்பார். இது வினாவின் உருவில் வரும் அறிவிப்பேயன்றி வினா அன்று. பரவாயில்லை என்று சொல்லாமல் எவரும் அம்முகப்பைக் கடந்ததாகத் தெரியவில்லை. தலைக்குப் பதினைந்து முதல் இருபது டெக்கா இறைச்சியும் பாலாடைக்கட்டியும் போதுமெனத் திட்டமிட்டவர், ஐந்தாறு வகைகளிலும் இக்கேள்விக்கு இசைந்தபின், அடுத்த வாரத்துக்கும் சேர்த்து வாங்கியவராக வீடு திரும்புகிறார்.

ஸ்பெக்கை மட்டும் இயந்திரத்திடம் கொடாமல் கட்டியாகவே வாங்கி வருவது நன்று. அதன் தோலைச் சீவி நீக்கி, கூரிய கத்தியால் தசை நாருக்குக் குறுக்கே, வெளிச்சம் ஊடுருவும் அளவு மெல்லியதாக அரிய வேண்டும். நாரின் போக்கிலேயே அரிந்தால் உண்பவர் உரையாடலில் கலந்துகொள்ள இயலாமல் மென்றுகொண்டே இருக்க நேரிடும். பாலாடைக்கட்டியை உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைப்பதும் இன்றியமையாதது, ஏனெனில் மிகுந்த குளிரில் அதன் மணம் வெளிப்படுவதில்லை. ஃபோரார்ல்பெர்க் மலைப்பகுதியின் பெர்க்கேசே, புளிக்கவைத்த தீவனம் தின்னாமல் பசும்புல்லும் உலர்புல்லும் தின்ற பசுக்களின் பாலில் செய்து மாதக்கணக்கில் முதிரவிட்டதாகையால், அந்த ஒரு மணி நேரத்துக்குள் வீடெங்கும் தன் வருகையைத் தானே தெரிவித்துவிடுகிறது. டிரோலின் கிராவ்கேசேயோ இன்னும் ஒரு படி மேல். கொழுப்பு ஏறக்குறைய இல்லாத, புளித்த பாலில் ஆகிய அக்கட்டியை உண்டோர் அதன் சுவையைப் புகழ்கின்றனர், அண்டை வீட்டார் அதன் மணத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றனர்.

தலைவாழை இலையில் உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே, இனிப்பு எங்கே என்று இடம் குறித்திருப்பதுபோன்ற கட்டுப்பாடு இப்பலகைக்கு இல்லை. ஈரமுள்ள வெள்ளரியும் உலர்ந்த தொத்திறைச்சியும் தொட்டுக்கொள்ளாதபடி இருந்தால் போதும். மற்றவை இல்லத்தரசியின் அழகுணர்ச்சிக்கும், மிகுதியாக வாங்கியவற்றைக் குவித்துக் காட்ட வேண்டிய நெருக்கடிக்கும் விடப்பட்டிருக்கின்றன.

பலகையின் மேல் இறுதியாகத் தூவப்படுவது கிரேன் எனப்படும் குதிரைமுள்ளங்கி. பார்வைக்கு மரவேர் போல் மண் நிறத்தில் கிடக்கும் இக்கிழங்கு, தோல் சீவும்வரை மணமே இன்றி அப்பாவியாக இருக்கிறது. துருவியின் பல்லில் பட்டதும் அதன் உயிரணுக்கள் உடைந்து, அதுவரை தனித்தனியே அடங்கியிருந்த சினிக்ரின் என்னும் சேர்மமும் மைரோசினேஸ் என்னும் நொதியும் ஒன்று கலந்து அல்லைல் ஐசோதயோசயனேட் என்னும் நெடியுள்ள பொருளைத் தோற்றுவிக்கின்றன. அரைத்த கடுகின் நெடிக்குக் காரணமும் இதே பொருள்தான். குதிரைமுள்ளங்கியும் கடுகும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆந்திரத்து மிளகாய்க்கே அசையாத நாக்கு தமக்கு உண்டு என்னும் துணிவில் ஒரு கரண்டி எடுத்து வாயிலிடும் தமிழர் இங்கே தோற்கிறார். மிளகாயின் காரம் நாக்கில் தங்குவது. கிரேனின் காரமோ ஆவியாகி நேரே மூக்குக்குள் ஏறி, புருவங்களுக்கு நடுவே நின்று, கண்ணீரை வரவழைத்து, அரை நிமிடத்தில் வந்த சுவடின்றி மறைந்துவிடுகிறது. ரொட்டித் துண்டொன்றை மூக்கருகே பிடித்து முகர்வது உள்ளூர்க் கைவைத்தியம். இந்நெடி எளிதில் ஆவியாவதால், பரிமாறுவதற்குச் சற்று முன்னரே கிழங்கைத் துருவ வேண்டும். துருவும் பொறுப்பு வழக்கமாக வீட்டு மருமகனுக்கு ஒதுக்கப்படுவதன் பொருத்தத்தைப் பெரியப்பா அவர்கள் உணர்வார்கள்.

பெரியம்மாவின் சைவத்துக்கும் இப்பலகையில் இடமுண்டு. இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள லிப்தோவ் பகுதியின் பெயரைத் தாங்கிய லிப்டவர், பால் புளித்துத் திரண்டபின் நீர் வடித்தெடுத்த மென்கட்டியில் வெண்ணெய், பொடியாக நறுக்கிய வெங்காயம், காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூளான பாப்ரிகா, சீமைச் சீரகம் ஆகியவற்றைக் குழைத்துச் செய்யும் இளஞ்சிவப்புக் கூழாகும். நெத்திலி வகை மீனைச் சேர்ப்போரும் உள்ளமையால் கடையில் வாங்காமல் வீட்டிலேயே குழைப்பது பாதுகாப்பானது. ஊதாவும் கறுப்புமாகப் புள்ளியிட்ட பெரிய அவரை விதையை வேகவைத்து ஆறவிட்டு, வெங்காயமும் புளிக்காடியும் பூசணி விதை எண்ணெயும் விட்டுப் பிசிறினால் ஸ்டைரியர் போற்றும் கேஃபர்போனெ சாலட் கிடைக்கிறது. அவ்வெண்ணெயில் ஒரு லிட்டர் எடுக்க இரண்டரை முதல் மூன்று கிலோ உலர்ந்த விதை வேண்டும். மெல்லிய ஓடையாக ஊற்றுகையில் பச்சையாகவும் கிண்ணத்தில் தேங்குகையில் செம்மை கலந்த கறுப்பாகவும் தோன்றும் அது, வெள்ளை வேட்டியைத் தேடிச் சென்று விழும் இயல்புடையது. வெயிலில் காய வைத்தால் கறை மங்கிவிடும் என்று இவ்வூர்ப் பெண்டிர் ஆறுதல் சொல்கின்றனர், ஆனால் குளிர்காலத்தில் வெயில் எங்கே விற்கிறது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

ரொட்டியைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. ரை என்னும் குளிர்நாட்டுத் தானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட, கனத்த, கறுத்த ரொட்டியே இதற்கு ஏற்றது. சீமைச் சீரகத்தோடு மல்லியும் சோம்பும் பொடித்து மாவில் சேர்ப்பதால், இப்பலகையில் பெரியம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்கு அறிமுகமான மணம் வீசும் ஒரே பொருள் இதுவே.

பெரியப்பா அவர்கள் குடும்பத்தோடு வந்து இதனை நேரில் ஆராய விரும்புவதாக எழுதியிருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது. திராட்சை அறுவடையை ஒட்டிப் புஷன்ஷாங்க் முற்றங்கள் நிறைந்து வழியும் காலம் சரியாகப் புரட்டாசியில் வந்து விழுவதால், அம்மாதம் முழுவதும் இறைச்சியைத் தொடாத நம் குடும்பத்துக்கு ஐப்பசித் தொடக்கமே உகந்தது. சட்டப்படி இந்நாட்டுக் கடைகள் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மூடப்பட்டு, ஞாயிறு முழுவதும் பெரும்பாலும் திறக்கப்படாமலே இருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமையே கிராட்ஸ் வந்து சேரும்படியாகப் பயணச்சீட்டு எடுக்குமாறும், எத்தனை பேர் சைவப் பக்கம் என்பதை முன்கூட்டியே எழுதுமாறும் பணிவுடன் வேண்டப்படுகிறது.

இங்ஙனம்,
தங்கள் அன்புத் தம்பி மகன்