பலாப்பழத்தோடு வீராணத்துக்கு

ஏரி பார்க்கப் போகலாம் என்று யார் சொன்னாலும் நம்மாட்களுக்குக் கொடைக்கானல்தான் ஞாபகம் வரும். படகு, குதிரை, மிளகாய் பஜ்ஜி. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உருவாக்கிய ஏரி அது. துரைமார்கள் படகு விடத்தான் ஆசைப்பட்டார்கள். ஆகவே எங்கிருந்து பார்த்தாலும் அழகாகத் தெரியும்.

எங்கள் கூட்டத்தில் கொடைக்கானல் தோற்றுப்போனதற்குக் காரணம் வந்தியத்தேவன். வீட்டில் வைத்த பெயர் வேறு. கல்லூரியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பொன்னியின் செல்வன் நாவலை ஐந்து பாகமும் முடித்ததால், அதன் நாயகன் பெயரே பட்டமாகக் கிடைத்தது. அரியர்ஸ் கிடைத்ததும் அதே காரணத்தால்தான். கதை ஆடிப் பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறதாம். நாமும் அதே நாளில் அங்கே நிற்க வேண்டுமாம். போகிற வழியில் இருக்கிற ஏரிகளையும் விட்டுவிடக் கூடாதாம். "கதையில அவன் குதிரையில வந்தான்டா, நமக்கு ஏசி இருக்கு" என்றான். ஐம்பதைத் தாண்டிய இடுப்புகளுக்கு அந்த வாதம் போதுமானதாக இருந்தது.

சென்னையிலிருந்து கிளம்பியதும் முதலில் செங்கல்பட்டு கொளவாய் ஏரி. "பார்த்தாச்சா?" "பார்த்தாச்சு." வண்டி நிற்கவே இல்லை. ரயிலில் போகும்போதெல்லாம் ஓசியில் பார்த்த ஏரிக்கு யார் இறங்குவார்கள்?

மதுராந்தகத்தில் இறங்கினோம். 1798-ல் லயோனல் பிளேஸ் என்ற கலெக்டர் கொட்டுகிற மழையில், கரை உடைந்துவிடுமோ என்று பார்க்கப் போனபோது, வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் காவல் நிற்கக் கண்டாராம். ராம லட்சுமணர்களே வந்தார்கள் என்று உருகி, அங்குள்ள ராமர் கோவிலில் தாயார் சன்னதி கட்டிக் கொடுத்தார் என்பது ஊர் வழக்கு. ஏரி காத்த ராமரைச் சேவித்துவிட்டுக் கரையேறினால், அன்றைக்குக் காப்பதற்கு அங்கே அதிகம் தண்ணீர் இல்லை. ஏரிக்குள் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. கருவேலங்கிளையை ஸ்டம்பாக நட்டிருந்தார்கள். எருமை மேல் பந்து பட்டால் ஒரு ரன்னா, டெட் பாலா என்று சண்டை. தீர்ப்புச் சொல்ல வந்தியத்தேவனைக் கூப்பிட்டார்கள். சோழர் காலத்து ஏரியில் நீதி வழங்கும் வாய்ப்பை அவன் விடுவானா? அரைமணி நேரம் அம்பயராக நின்றுவிட்டு, இரண்டு கட்சியிடமும் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினான்.

வேடந்தாங்கல் போகலாமா என்று ஒருவன் கேட்டான். வடகிழக்குப் பருவமழைக்குத்தான் பறவைகள் கூட்டமாக வரும். ஆடியில் போனால் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு வரலாம் என்று நான் சொன்னேன். அந்த ஏரி அதோடு ரத்து.

பண்ருட்டியில்தான் விதி காத்திருந்தது. எங்களில் ஒருவனுக்கு விலை குறைவாக எது கிடைத்தாலும் வாங்கியே ஆக வேண்டும். சீசன் முடிகிற நேரம், கடைக்காரரும் தள்ளிவிடும் அவசரத்தில் இருந்தார். முழுப் பலாப்பழம் ஒன்று, பெட்டிகளால் டிக்கி நிறைந்திருந்ததால், பின் சீட்டில் எங்களுக்கு நடுவே ஏறி, கல்யாண வீட்டுக்கு வந்த பெரியப்பா மாதிரி இடத்தைப் பிடித்துக்கொண்டது. நெய்வேலி தாண்டுவதற்குள் பழுக்கவும் தொடங்கிவிட்டது. ஏசியைப் போட்டால் வாசனை, கண்ணாடியை இறக்கினால் புழுதி. ஒவ்வொரு வளைவிலும் அதன் முள் யாராவது ஒருவர் தொடையைப் பதம் பார்த்தது. வாங்கியவன் மட்டும் முன் சீட்டில் நிம்மதியாகக் குறட்டை விட்டான்.

சேத்தியாத்தோப்பு தாண்டியதும் பக்கத்திலேயே நீளமாக ஒரு மண்மேடு. "ஏரி எங்கடா?" "இதுதான்டா ஏரி!" கொடைக்கானலுக்கும் வீராணத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் விளங்கியது. இது வயலுக்குத் தண்ணீர் கொடுக்கப் பிறந்தது. முகத்தைக் கரைக்குப் பின்னால் வைத்திருக்கும். ஏறித்தான் பார்க்க வேண்டும்.

மூச்சு வாங்க ஏறினோம். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்த தண்ணீர் கண்ணுக்கு எட்டியவரை கிடந்தது. நீளம் சுமார் 15 கிலோமீட்டர். பராந்தகச் சோழன் மகன் ராஜாதித்தன் வெட்டி, அப்பாவின் வீரநாராயணன் என்ற பட்டத்தைச் சூட்டிய ஏரி. பாவம், தக்கோலத்துப் போரில் யானை மேலேயே உயிரை விட்டான். மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே நின்று வந்தியத்தேவன் இதையெல்லாம் உரக்கச் சொன்னான். ஒரு பாட்டி அவன் கையில் காப்பரிசியைத் திணித்ததும் வாய் மூடியது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "மெட்ராஸா?" என்றார். தலையாட்டினோம். "எங்க தண்ணியத்தான் குடிக்கிறீங்க."

மறுக்க முடியாது. 2004-லிருந்து இந்தத் தண்ணீர் குழாயேறிச் சென்னைக்கு வருகிறது. அதற்கு முந்தைய திட்டம் பாதியில் நின்றபோது, ராட்சசக் குழாய்கள் வருஷக்கணக்கில் ரோட்டோரம் கிடந்ததும், ஜனங்கள் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தியதும் பெரியவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "வீட்டுக்கே வர்ற தண்ணிய, டீசல் போட்டுக்கிட்டு வந்து பாக்குறீங்களா?" என்றார்.

நன்றிக்கடனைத் தீர்க்கவும் பின் சீட்டை மீட்கவும் ஒரே வழி தோன்றியது. நானும் இன்னொருவனும் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு கரையேறி, "ஐயா, எங்க அன்பளிப்பு" என்று நீட்டினோம்.

பெரியவர் அதைத் தட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். "எங்க சம்பந்தி வீடு பண்ருட்டிதான். நேத்துதான் நாலு பழம் எறக்கிட்டுப் போனாரு. இருங்க, உங்களுக்கும் ஒண்ணு தர்றேன்" என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.