வெந்நீர்த் தொட்டி: மூலமும் மட்டாஞ்சேரி உரையும்

வெந்நீர் தாங்கி மேனியும் தாங்கி
எழுகென நினைப்பினும் எழாஅ நிலைமை
பயப்பது தொட்டி என்மனார் புலவர்.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், வீட்டுக்கு முதன்முதலாக வெந்நீர்த் தொட்டி வாங்கப் புகுவோன் எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. எந்த ஏட்டுச்சுவடியிலும் இதைத் தேட வேண்டாம். சென்ற வைகாசியில் கொச்சி மட்டாஞ்சேரியின் செறளாயியில், ஒரு பழைய வீட்டின் மாடியில், ஓடும் மின்விசிறிக்கு நேர்கீழே வியர்த்துக்கொண்டு நானே இயற்றியது. அப்படியானால் 'புலவர்' என்று பன்மை கூறியது என்னை எனின், தன்னைத் தானே மதித்தல் என்னும் உத்தியால் என்க. மூலத்தையும் உரையையும் ஒருவனே செய்யலாமோ? வேறு யாரும் முன்வராதபோது செய்யலாம்.

நூல் எழுந்த காரணம் குதிகால். காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி குத்தியதுபோல் வலி. மருத்துவர் பார்த்துவிட்டு, "தினமும் பத்து நிமிடம் வெந்நீரில் வையுங்கள்" என்றார். எதில் வைப்பது என்பதையும் ஒரு சொல்லில் சொன்னார். அதை என் மனைவி கேட்டாள், நான் கேட்கவில்லை. வெளியே வரும்போதே எனக்குள் நுரைபொங்கும் ஒரு தொட்டி உருவாகிவிட்டது.

"ஏங்க, அவரு வாளின்னுதானே சொன்னாரு?"

வாளி என்பது தொட்டியின் சிறுமை குறித்த வடிவம் என்று விளக்கினேன். குதிகால் மூழ்கினாலே நன்மை என்றால், அதற்கு மேலுள்ளவையும் மூழ்கினால் நன்மை எத்தனை மடங்காகும்? அவள் பதில் சொல்லவில்லை. மறுப்பு எழாமையால் இது நிறுவப்பட்டதாகக் கொள்ளப்பட்டது.

'வெந்நீர்' என்றது. வெம்மையுடைய நீர் என விரியும். தமிழன் இவ்வூரில் முதலில் வழுக்கி விழும் இடம் இதுதான். இங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். குடிக்கிற வெள்ளம், குளிக்கிற வெள்ளம், சூடுவெள்ளம். நான் அழைத்த பிளம்பர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி: "சாரே, அவிடே வெள்ளம் உண்டோ?" ஒரு கணம் 2018 ஆகஸ்ட் பெருவெள்ளம் நினைவுக்கு வந்தது. "இல்லை, கடவுள் புண்ணியத்தில் இல்லை" என்றேன். "பின்னே எந்தினா டப்?" என்று கேட்டு அவர் வைத்துவிட்டார். அந்த மனிதர் கேட்டது ஆய்வின் மையக் கேள்வி என்பது எனக்கு விளங்க இரண்டு மாதமாயிற்று.

முதலில் வெம்மையை முடித்துவிடுவோம். 1,000 லிட்டர் தண்ணீரை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 15 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டர் என்றால் ஏழரை மணி நேரம். மாலை ஆறு மணிக் குளியலுக்குக் காலை பத்தரைக்கே சுவிட்சைப் போட வேண்டும். குளிர்நாட்டில் இதற்குப் பொருள் உண்டு. கொச்சியில் சித்திரை மாதப் பகலில் காற்றே 33 டிகிரி; அதில் நீராவி அவ்வளவு மிகுதி என்பதால் வியர்வை உலர்வதில்லை, உடம்பிலேயே குடியிருக்கிறது. ஆக, மட்டாஞ்சேரியில் ஒருவன் சட்டையைப் போட்டுக்கொண்டு பஜார் ரோட்டில் நடந்தாலே அது வெந்நீர்த் தொட்டியில் நடப்பதுதான் என்பாரும் உளர். அது பொருந்தாது. தொட்டியில் உட்காரலாம், பஜார் ரோட்டில் சுமை லாரிக்கு ஒதுங்க வேண்டும்.

இனி நீர். கொச்சி தண்ணீரால் பிறந்து தண்ணீருக்குத் தவிக்கும் ஊர். 1341 இல் பெரியாறு பெருக்கெடுத்து, முசிறிப் பக்கத்துத் துறையை மண்ணால் மூடிவிட்டு, இங்கே கடல்வாயைத் திறந்துவிட்டது என்பார்கள். அந்த ஒரு வெள்ளத்தில் துறைமுகம் கிடைத்தது. குடிக்கிற வெள்ளம் கிடைக்கவில்லை. கிணறு தோண்டினால் வருவது உவர்நீர். உள்ளூரில் ஓருவெள்ளம் என்பார்கள். குழாய் வருமுன் ஆலுவாப் பக்கத்துப் பெரியாற்று நீரைப் படகில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். யானைக்கால் நோய்க்கு ஆங்கிலேயர் 'கொச்சிக்கால்' என்றே பெயரிட்டிருந்தார்கள். பழி உள்ளூர்த் தண்ணீர்மேல் விழுந்தது. 1877 இல் பாட்ரிக் மான்சன் சீனத்து அமோய் நகரில் கொசுவின் வயிற்றைத் திறந்து பார்த்து அந்நோயின் புழுவைக் கண்டபிறகுதான் தண்ணீரின் விடுதலை தொடங்கியது. கொச்சி கண்டவனுக்கு அச்சி வேண்டா என்பது மலையாளப் பழமொழி. மனைவியையே மறக்கடிக்கும் ஊர் என்று புகழ்ந்தவர், கொசுவைப் பற்றி ஏனோ வாய் திறக்கவில்லை. கொசு இவ்வுரையில் மீண்டும் வரும்.

எங்கள் வீட்டுக் கிணறு ஓருவெள்ளம். அது ஹீட்டர் கம்பியைத் தின்றுவிடும். குழாய்த் தண்ணீர் வருவது பெரும்பாலும் இரவில். வராத இரவுகளும் உண்டு. அப்போது டேங்கர் லாரி. நான்கு பேர் தொட்டி ஒன்றில், ஆளுக்கு 70 கிலோ என வைத்தால், கழுத்தளவு மூழ்கும்போது 280 லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் வெளியேறும். ஆர்க்கிமிடீஸ் இதைக் கண்டு மகிழ்ச்சியோடு தெருவில் ஓடியதாகச் சொல்வார்கள். மட்டாஞ்சேரியில் அவர் ஓடியிருந்தால், சிந்திய நீருக்காகப் பின்னாலேயே குடத்தோடு நாலு பேர் ஓடியிருப்பார்கள்.

'தாங்கி' என இருமுறை கூறியது கூறியது கூறல் அன்றோ எனின், அன்று. நீரை ஒருமுறையும் மேனியை ஒருமுறையும் தொட்டி தாங்கும். இவ்விரண்டோடு தொட்டியையும் தரை தாங்க வேண்டும் என்பது சொல்லாது எஞ்சிய எச்சம். இவ்வெச்சத்தை அறியாது மாடியில் தொட்டி வைப்பவர் கீழ்வீட்டாரோடு சேர்ந்து குளிப்பர். வீட்டு அறைத்தளத்தில் ஆளும் பொருளுமாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ ஏறும் என்று கொண்டு கணக்கிடச் சொல்கிறது இந்தியத் தரநிலை 875. ஆறரை அடிச் சதுரத் தொட்டியில் 1,000 லிட்டர் தண்ணீர், தொட்டியின் சொந்த எடை 300 கிலோ, நான்கு பேர் 280 கிலோ. ஆக 1,580 கிலோ. பரப்பு 4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 400 கிலோ. அதாவது இரண்டு மடங்கு. எங்கள் மாடித்தளமோ மரப்பலகை. பூனை நடந்தாலே கீழே தூசி விழும்.

'எழாஅ நிலைமை' என்புழி அளபெடை வந்தது எற்றுக்கு? உட்கார்ந்தவர் நீட்டி உட்காருவதைக் குறித்தற்கு. ஆயினும் அதிகம் நீட்டக் கூடாது. தொட்டி நீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் நெடுநாளைய எச்சரிக்கை. கால் மணி நேரம் போதும். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மது அருந்திவிட்டு யாருமே இறங்கக் கூடாது. வெதுவெதுப்பான நீர் மனிதனுக்கு மட்டும் இதமானதன்று. 1976 இல் ஃபிலடெல்ஃபியா விடுதி ஒன்றில் கூடியவர்களைத் தாக்கி, லெஜியனெல்லா என்று பெயர் பெற்ற கிருமிக்கும் அதே சூடு பிடிக்கும். குளோரினோ புரோமினோ அளவறிந்து போட்டு, அடிக்கடி சோதித்து, வடிகட்டியைக் கழுவி... இங்கே என் ஆர்வம் சற்றே வடிந்ததை மறைக்கப்போவதில்லை.

நுரை பொங்கும் தொட்டியின் வரலாறு தமிழருக்கு அந்நியமானதன்று என்பதையும் ஈண்டுக் கூறுதும். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போன ஜக்கூஸி சகோதரர்கள் முதலில் செய்தது விமான விசிறி. பிறகு செய்தது விவசாயப் பம்பு. அவர்களுள் ஒருவரான கான்டிடோவின் சின்ன மகனுக்கு மூட்டுவாதம். மருத்துவமனையில் தரும் நீர்ச்சிகிச்சையை வீட்டிலேயே தர, 1940களின் கடைசியில் குளியல் தொட்டியில் இறக்கும் பம்பு ஒன்றைச் செய்தார். 1956 இல் அது விற்பனைக்கு வந்தது. 1968 இல் ராய் ஜக்கூஸி பம்பைத் தொட்டிக்குள்ளேயே பொருத்தினார். கிணற்றுப் பம்பு செய்தவர்கள் செய்த சொகுசு! இதைப் படித்த அன்று எனக்குக் கோயம்புத்தூர்மேல் தீராத வருத்தம் உண்டாயிற்று. மோட்டார் இருந்தது, பம்பு இருந்தது, தொட்டியும் இருந்தது. நம்மவர்கள் அதில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்துவிட்டார்கள்.

'தொட்டி' என்றது. இதன் வகை பல. கடையில் விற்கும் அக்ரிலிக் தொட்டியை இரண்டே வரியில் தள்ளிவிடலாம்: எங்கள் சந்துக்குள் அது நுழையாது. நுழைந்தாலும் படி ஏறாது.

மட்டாஞ்சேரிக்கு உரிய தொட்டிகளைப் பார்ப்போம். செறளாயியில் கொங்கணி வீடுகளின் குளியலறையில் 'பாண்' என்று ஒரு செப்புப் பாத்திரம் உண்டு. அடுப்பின்மேல் பதித்து விறகெரித்து வெந்நீர் போடுவது. தீபாவளிக்கு முந்தின மாலை அதைப் பளபளவென்று தேய்த்து, கொடி சுற்றி, நீர் நிரப்பி வணங்குவார்கள். நம் வீடுகளில் அன்று வெந்நீர் அண்டாவுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பதை நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், பாணுக்குள் இறங்கி உட்காரலாமா என்று கேட்டேன். அன்று முதல் என்னைக் கண்டால் அவர் கதவைப் பாதிதான் திறக்கிறார்.

அடுத்தது தோணி. ஆயுர்வேதத்தில் மருந்துக் கஷாயம் நிரப்பி நோயாளியை அமரவைக்கும் முறைக்கு அவகாகம் என்று பெயர். எண்ணெய்ச் சிகிச்சைக்குப் படுக்கவைக்கும் மரத்தொட்டியை மலையாளத்தில் எண்ணத்தோணி என்பார்கள். வடமொழி த்ரோணி தோணியிலிருந்து வந்ததா, தோணி அதிலிருந்து வந்ததா என்பதில் மொழியறிஞர்கள் மூழ்கட்டும். எனக்கு வியப்பு வேறு. தண்ணீர் உள்ளே வராமலிருப்பது ஒரு தோணி; வெளியே போகாமலிருப்பது இன்னொரு தோணி. இரண்டும் மரவேலைதான். கலிபோர்னியாக்காரர்களும் 1960களில் திராட்சைமது ஊறிய மரப்பீப்பாயில்தான் முதலில் இறங்கினார்கள்.

யூதத் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு மாபெரும் வெண்கல வார்ப்பு வைத்திருக்கிறார்கள். உருளியின் பெரியப்பா. சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது. அதைக் கண்ட கணத்தில் என் ஆய்வு முடிந்துவிட்டதாகவே எண்ணினேன். வாடகைப் பாத்திரக் கடை ஒன்றுக்குப் போய், சிறிய வார்ப்பு கிடைக்குமா என்றேன்.

"எத்ர பேர்க்கா சாரே?"

"நாலு பேர்."

"நாலு பேர்க்கு வார்ப்போ? ஒரு குக்கர் மதியல்லோ!"

அவர் கேட்டது பந்திக் கணக்கு. நான் சொன்னது உட்காரும் கணக்கு. இந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்தாமல் இருப்பதே இருவருக்கும் மரியாதை என்று திரும்பிவிட்டேன். தவிர, வெண்கலத்தின் அடியில் தீ வைத்து உள்ளே அமர்ந்தால் பாயசத்துக்கும் உரையாசிரியனுக்கும் வேற்றுமை தெரியாது.

இறுதியாக, தொட்டியறிந்த பெருமக்களிடம் போனேன். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் தோபிகானா இருக்கிறது. துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து முன்னாளில் அழைத்துவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தமிழ் பேசித் துணி வெளுக்கிறார்கள். கட்டடம் 1976 இல் எழுந்தது. (ஃபிலடெல்ஃபியாவில் கிருமி எழுந்த அதே ஆண்டு. ஆய்வாளன் இதைக் குறிக்காமல் விட முடியாது. குறித்து ஒன்றும் செய்யவும் முடியாது.) வரிசை வரிசையாகத் தொட்டிகள். துணி அலசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கதையை முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, ரொப்புறது பெரிசில்ல. ரொப்பின தண்ணிய எங்க விடுவ?"

எத்தனை தொட்டிகளைப் பற்றிப் படித்தேன். தூம்பு எந்தத் திசையில் என்று நினைக்கவே இல்லை. இவ்வூர் கடல்மட்டத்தில் கிடப்பது. ஓதம் ஏறும் நேரத்தில் எங்கள் சந்துச் சாக்கடை எதையும் வாங்காது, கொடுக்கத்தான் செய்யும். 1,000 லிட்டரை நான் விட்டால் அது முதலில் விசாரிப்பது அந்தப் பாதிக்கதவுப் பாட்டி வீட்டை.

இவ்வளவும் ஆராய்ந்த பிறகும் வாங்கினேன் என்பதை மறைத்தல் ஆய்வு நேர்மை அன்று. காற்றடைக்கும் ரப்பர்த் தொட்டி. மடித்தால் சந்துக்குள் நுழைகிறது. 800 லிட்டர். கீழே முற்றத்தில் வைத்து, இரண்டு இரவு குழாய்க்குக் காவலிருந்து நிரப்பினேன். மூன்றாம் நாள் ஞாயிறு. ஞாயிறு வீடுகளில் 'டிரை டே': தேங்கிய நீரையெல்லாம் கவிழ்க்கச் சொல்கிறது சுகாதாரத் துறை. கேரளத்தில் மதுக்கடை மூடும் மாத முதல் தேதிக்கும் அதே பெயர். நான் அதுதான் என்று எண்ணி அலட்சியமாக இருந்துவிட்டேன். வந்த ஆஷா ஊழியர் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். உள்ளே நெளிந்தவற்றை நான் எண்ணவில்லை.

என் மனைவி அன்றே முழுவதையும் இறைத்து முற்றத்துத் தென்னைக்கு ஊற்றினாள். கோயம்புத்தூர் வென்றது. பிறகு தொட்டியைத் தேய்த்துக் காயவைத்து, இறுக்கமான மூடி ஒன்று தைத்துப் போட்டாள். இப்போது குழாயில் தண்ணீர் வரும் இரவுகளில் அதில்தான் பிடித்து வைக்கிறோம். வராத நாட்களில் பாட்டி வீட்டிலிருந்து இரண்டு குடத்தோடு வருகிறார்கள். கதவு இப்போது முழுதும் திறக்கிறது. குடிப்பதற்கு எடுக்கும் தண்ணீரைப் பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைக்கிறோம். அப்படியானால் இதனை வெந்நீர்த் தொட்டி என்றல் வழுவாகாதோ எனின், ஆகாது. உலையில் கிடக்கும் அரிசியைச் சோறு என்றல் போல, பின்னர் வெந்நீராவதை முன்னரே வெந்நீர் என்றது வழக்கு.

குதிகால் வலி குறைந்திருக்கிறது. வாளி நீல நிறம், 16 லிட்டர்.