கேபினட் கர்த்தாக்களுக்கு ஒரு விண்ணப்பம்

கனம் பொருந்திய கணினிக் கேபினட் தயாரிப்பாளர் சமுகத்துக்கு,

சென்னையிலிருந்து தங்கள் வாடிக்கையாளன் அநேக வந்தனங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். நான் நலம். தங்கள் பெட்டிக்குள் குடியிருக்கும் பிராஸஸரின் க்ஷேமத்தைப் பற்றித்தான் அவ்வளவு திடமாகச் சொல்ல இயலவில்லை. முகப்பிலே கருங்கண்ணாடி, மேலே துவாரம் என்பதையே அறியாத தகடு, கண்ணாடிக்குப் பின்னால் சகல வர்ணங்களிலும் ஜொலித்துக்கொண்டு, உள்ளிழுக்கப் போதுமான காற்றின்றி விருதாவாகச் சுழலும் விசிறிகள் என்று சர்வ லட்சணங்களும் பொருந்திய இப்பெட்டிக்குள், சித்திரை மாதத்துக் கல்யாணத்தில் கோட்டும் சூட்டும் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையைப்போல் தவிக்கும் அந்தப் பிராஸஸர், நடுப்பகலில் 100 டிகிரியை எட்டி, பிராணனைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இதை ஒரு குறையாக நான் பாவிக்கவில்லை. முழு விலையை வாங்கிக்கொண்டு முக்கால் பண்டத்தைக் கொடுத்து, எஞ்சிய காலைச் செய்துமுடிக்கும் பாக்கியத்தை வாங்கியவனுக்கே விட்டுவைக்கும் பெருந்தன்மை எல்லா வியாபாரிகளுக்கும் வாய்ப்பதில்லை. பக்கத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் போயிற்று என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். புழுதியும் பல்லியும் வாடகையின்றிக் குடியேறும் என்பதை அவர் யோசிக்கவில்லை. ஆகவே மேல்தகட்டில் துளையிடுவதென்று நிச்சயித்தேன்.

அந்தக் கைங்கரியத்தின் விவரங்களைத் தாங்கள் அவசியம் அறிய வேண்டும். இரும்புத் தூள் ஒரு துணுக்கு மதர்போர்டின்மேல் தங்கினாலும் ஷார்ட் ஆகிவிடும் என்பதால், உள்ளேயிருந்த சகலத்தையும் வெளியேற்றிப் பெட்டியை நிர்வாணமாக்கினேன். பெயிண்ட் உரியாதிருக்க மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன்மேல் 120 மில்லிமீட்டர் விசிறிக்கு வட்டம் வரைந்து, திருகுகளுக்கு ஒன்றுக்கொன்று 105 மில்லிமீட்டர் தள்ளி நான்கு புள்ளிகள் குறித்து, டிரில் வழுக்காதபடி சென்டர் பஞ்சால் தட்டி, அடியில் ஒரு பலகையை இறுகப் பூட்டினேன். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு. பலகை இல்லாவிட்டால் ஹோல் சா கடித்த மாத்திரத்தில் அது உதறித் துள்ளும். எண்ணெய் விட்டு, மெதுவான வேகத்தில் சுற்றியபோதும் எழுந்த ஓசை, மாடிவீட்டு மாமியை மத்தியான நித்திரையிலிருந்து எழுப்பி, எங்கள் வாசற்படி வரையில் இறக்கிவிட்டது. துளை விழுந்த பிறகுதான் உண்மையான பிரயாசை. விளிம்பில் நிற்கும் பிசிர் சவரக்கத்திக்குச் சளைத்ததன்று. அதை அரம் போட்டு வழித்தாக வேண்டும். வெட்டின இடத்தில் துத்தநாகப் பூச்சும் போய்விட்டபடியால், இந்த ஊர் உப்புக்காற்றில் துரு ஏறாதிருக்கப் பெயிண்ட் பூசி, அதன்மேல் ரப்பர் பீடிங்கும் செருக வேண்டும். விசிறியை மாட்டிய பின்னர் வெப்பம் இறங்கியது. பிராஸஸரும் பழைய வேகத்துக்குத் திரும்பியது.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் தங்கள் உத்தரவாதச் சீட்டை முதன்முறையாக முழுவதும் வாசித்தேன். பெட்டியில் எவ்வித மாறுதல் செய்தாலும் உத்தரவாதம் செல்லாதாம். தகடு என்றென்றைக்கும் தகடாகவே இருக்கும் என்பதற்கு மேலாகத் தாங்கள் எதற்கு உத்தரவாதம் அளித்திருந்தீர்கள் என்பது மட்டும் என் சிற்றறிவுக்கு எட்டவில்லை.

எந்த போர்டும் எந்தப் பெட்டியிலும் பொருந்த வேண்டுமென்று ஏடிஎக்ஸ் அளவுமுறையை இண்டெல் 1995இல் வகுத்தது. விசிறிகளின் அளவும் தாங்கள் அறியாத தேவரகசியமன்று. என் வீட்டில் அரைநாளை விழுங்கும் துளை, தங்கள் ஆலையிலுள்ள பிரஸ்ஸுக்கு ஒரே அடி. அந்த அடியும் அழகைக் கெடுக்கும் என்று தாங்கள் அஞ்சினால், வீட்டுச் சுவருக்குள் வயரிங்குக்காகப் புதைக்கும் இரும்புப் பெட்டியைப் பாருங்கள். வேண்டியவன் ஒரு தட்டுத் தட்டித் திறந்துகொள்ள, அதில் அரைகுறையாக வெட்டிய வட்டங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் விலை தங்கள் பெட்டி விலையில் அற்பப் பங்கு. அந்த மரியாதையை அடுத்த மாடலிலாவது எங்களுக்கும் செய்ய வேண்டுகிறேன்.

வெட்டியெடுத்த வட்டத் தகடு, 50 கிராமுக்குச் சற்றுக் குறைவு, இத்துடன் அனுப்பப்படுகிறது. எனக்குத் தேவைப்படாத பாகமாதலால், பழைய இரும்பு விலையிலாவது கிரயத்தைத் திருப்பித் தரக் கோருகிறேன்.

இங்ஙனம்,
உத்தரவாதம் இழந்த வாடிக்கையாளன்

இணைப்பு: தகடு 1